ஆடும் கியர்த் தண்டும் அதைச் சீராக்கும் வழியும்

காரை ஓட்டுபவருக்கும் அதன் கியர் பெட்டிக்கும் இடையே தூது செல்வது கியர்த் தண்டு. அரசன் சொன்ன செய்தியைத் தூதன் மாற்றிச் சொன்னால் நாட்டுக்கு என்ன நேரும் என்பதைச் சரித்திர வகுப்பில் படித்திருக்கிறோம். கியர்த் தண்டு செய்தியை மாற்றிச் சொன்னால் காருக்கும் அதில் இருப்பவர்களுக்கும் என்ன நேரும்? அதைத் திருத்துவது எவ்வாறு? இவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

நல்ல நிலையில் உள்ள காரில் தண்டைத் தள்ளியதும் கியர் "இதோ விழுந்தது" என்று கைக்குத் தெரியும். சில கார்களிலோ தண்டு களி கிண்டும் துடுப்பைப் போல எப்பக்கமும் ஆடும். கியர் விழுந்ததா இல்லையா என்பதே விளங்காது. மெக்கானிக்குகள் இந்த ஆட்டத்தைப் "பிளே" என்பார்கள். வீட்டிலேயே பூட்டிச் சேர்க்கும் கிட் கார்களில் இக்குறை மிகுதியாகக் காணப்படுகிறது.

கிட் கார் என்பது யாது?

தொழிற்சாலையில் முழுமையாகச் செய்யப்படாமல் பகுதிகளாக விற்கப்பட்டு, வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் கார்தான் கிட் கார். பெரும்பாலும் மேற்கூடு மட்டுமே புதியது. எஞ்சின், கியர் பெட்டி, சக்கரங்கள் முதலியவற்றை ஒரு பழைய காரிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

இவ்வகையில் புகழ் பெற்றது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றிய "மேயர்ஸ் மேங்ஸ்" என்னும் மணற்கரைக் கார். படகு கட்டும் தொழிலில் தேர்ந்த புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964 இல் இதன் முதல் காரை உருவாக்கினார். படகுகளுக்குப் பயன்படும் ஃபைபர் கிளாஸிலேயே காரின் கூட்டையும் செய்தார். குட்டையான உருவம் கொண்டதால், மேன் தீவின் வாலில்லாப் பூனையின் பெயரைக் காருக்குச் சூட்டினார்கள். 1967 இல் மேயர்ஸும் அவர் நண்பரும் மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பாதையை இக்காரில் 34 மணி 45 நிமிடத்தில் கடந்தனர். அதற்கு முன் மோட்டார் சைக்கிளில் செய்த சாதனையைவிட இது சுமார் ஐந்து மணி நேரம் குறைவு. பிறகு இதைப் பார்த்துப் பலரும் இவ்வாறான கார்களைச் செய்யலாயினர்.

இக்கார்களுக்கு அடித்தளம் தந்தது ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில். இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட பழைய பீட்டிலின் உற்பத்தி 2003 இல் மெக்சிகோவில் நின்றது. பீட்டிலின் மேற்கூட்டைக் கழற்றிவிட்டு, அடித்தளத்தில் 14¼ அங்குலம், அதாவது சுமார் 36 சென்டிமீட்டர், வெட்டி நீக்கி மறுபடி ஒட்டவைத்து, அதன்மேல் ஃபைபர் கூட்டைப் பொருத்துவார்கள். இந்த 36 சென்டிமீட்டரை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

செய்தி செல்லும் பாதை

பீட்டிலில் எஞ்சினும் கியர் பெட்டியும் காரின் பின்புறம் உள்ளன. கியர்த் தண்டோ ஓட்டுபவரின் கைக்கு எட்டுமாறு முன்புறம் நிற்கிறது. ஆகவே காரின் நடுவே ஓடும் சுரங்கம் போன்ற குழாய்க்குள் ஓர் இணைப்புக் கம்பி செல்கிறது. தண்டின் அடிமுனை அக்கம்பியில் உள்ள ஒரு குழியில் உட்காருகிறது. கம்பி ஆடாமலிருக்க, தண்டுக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் புஷ் அதைத் தாங்குகிறது. கம்பியின் பின்முனை ஒரு கப்ளிங் மூலமாகக் கியர் பெட்டியிலிருந்து நீளும் சிறு தண்டுடன் இணைகிறது. கப்ளிங்கில் அதிர்வைத் தாங்குவதற்கென்று மென்மையான புஷ்கள் உண்டு.

நாம் தண்டை முன்னும் பின்னும் தள்ளினால் கம்பி முன்னும் பின்னும் நகரும். பக்கவாட்டில் சாய்த்தால் கம்பி சற்றே திரும்பும். திரும்புதல் எந்த ஜோடிக் கியர் என்பதைத் தேர்ந்தெடுக்கும். நகர்தல் அந்த ஜோடியில் எது என்பதை முடிவு செய்யும். இவ்வாறாக, எச் என்ற ஆங்கில எழுத்தைப் போன்ற வடிவில் நான்கு கியர்கள் அமைகின்றன.

ஆட்டம் எவ்வாறு பெருகுகிறது?

தெருவில் உள்ள அடிபம்பை எண்ணிப் பாருங்கள். கைப்பிடியின் ஆணி தேய்ந்துவிட்டால் நாம் கைப்பிடியைச் சிறிது தூரம் அமுக்கிய பிறகே உள்ளே இருக்கும் கம்பி அசையத் தொடங்கும். அந்தச் சிறிது தூரம் வீண். கியர் மாற்றத்திலும் இதுவே நிகழ்கிறது.

கியர்த் தண்டு ஒரு நெம்புகோல். எளிய கணக்குக்காக, அச்சுக்கு மேலே அதன் நீளம் 30 சென்டிமீட்டர், கீழே 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அடிமுனை 1 மில்லிமீட்டர் நகர, கைப்பிடி 5 மில்லிமீட்டர் நகர வேண்டும். இப்போது மூன்று இடங்களில் தேய்மானம் இருக்கிறது, ஒவ்வோர் இடத்திலும் 1 மில்லிமீட்டர்தான் என்று கொள்வோம். மொத்தம் 3 மில்லிமீட்டர். கைப்பிடியில் அது 15 மில்லிமீட்டர் ஆகிவிடும். கியர் விழுவதற்குக் கம்பி 12 மில்லிமீட்டர் நகர வேண்டுமானால், கை செல்ல வேண்டிய தூரம் 60 மில்லிமீட்டர். ஆக, கையின் அசைவுக்கு நான்கில் ஒரு பங்கு ஆட்டம் சேர்ந்துவிட்டது. "ஒரு மில்லிமீட்டர் தானே" என்று மூன்று இடங்களிலும் அலட்சியமாக விட்டதன் விளைவு இது.

இக்குறையைப் போக்கப் பலர் கடையில் விற்கும் குட்டை வீச்சுக் கியர்த் தண்டை வாங்கிப் பொருத்துகிறார்கள். அதில் அச்சு சற்று உயரத்தில் அமைந்திருக்கும். மேலே 28, கீழே 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெருக்கம் ஐந்திலிருந்து மூன்றரையாகக் குறையும். கை செல்லும் தூரம் 42 மில்லிமீட்டராகவும் ஆட்டம் 10½ மில்லிமீட்டராகவும் சுருங்கும். ஆனால் இதுவும் அதே நான்கில் ஒரு பங்கு அல்லவா? போதாதற்குக் கைக்கு வேண்டிய பலமும் கூடிவிடும். தேய்ந்த உறுப்புகள் அப்படியே இருக்கையில் தண்டை மட்டும் மாற்றுவது, ஓட்டைப் பானையை விளக்கி வைப்பதற்கு ஒப்பாகும்.

எங்கே தொலைகிறது?

ஆகவே எதையும் வாங்கும் முன் அசைவு எங்கே தொலைகிறது என்று தேட வேண்டும். இதற்கு இருவர் தேவை. காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கியரில் போட்டபின் ஒருவர் தண்டை மெதுவாக அசைக்க வேண்டும். மற்றவர் பின்பக்கம் சுரங்கத்தின்மேல் உள்ள சிறு மூடியைத் திறந்து கப்ளிங்கைப் பார்க்க வேண்டும்.

தண்டு அசைந்தும் கம்பி அசையாவிட்டால் குறை முன்பக்கத்தில், அதாவது தண்டின் அடியிலோ அதன் குழியிலோ உள்ளது. கம்பி மேலும் கீழும் துள்ளினால் முன்புஷ் தேய்ந்திருக்கிறது. கம்பி அசைந்தும் கியர் பெட்டியின் தண்டு அசையாவிட்டால் குறை கப்ளிங்கில். கியர் பெட்டியே முன்னும் பின்னும் நகர்ந்தால் அதைத் தாங்கும் ரப்பர்கள் தளர்ந்துவிட்டன. இவை எல்லாம் ஒழுங்காக இருந்தும் கியர் விழாவிட்டால் மட்டுமே கியர் பெட்டியைத் திறப்பதைப்பற்றி யோசிக்க வேண்டும்.

சீராக்கும் முறை

முன்புஷ்ஷும் கப்ளிங் புஷ்களும் விலை குறைந்தவை. தேய்ந்தவற்றை மாற்றி, உராயும் இடங்களில் கிரீஸ் தடவினாலே பாதிக் குறை தீரும். கப்ளிங்கைக் கியர் பெட்டியின் தண்டோடு பிணைப்பது கூர்முனை கொண்ட ஒரு திருகு. அதன் முனை தண்டிலுள்ள சிறு பள்ளத்தில் சரியாக அமர வேண்டும். பிறகு அது தளராதபடி கம்பியால் கட்ட வேண்டும். இத்திருகு கழன்றால் ஒரு கியரும் கிடைக்காது. ரப்பர்கள் வெடித்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

இனி அந்த 36 சென்டிமீட்டருக்கு வருவோம். அடித்தளம் குறைந்தால் அதனுள் செல்லும் கம்பியும் அதே அளவு குறைய வேண்டும் அன்றோ? ஆகவே கம்பியையும் வெட்டி வெல்டிங் செய்கிறார்கள். கிட் கார்களுக்கே உரிய குறை பிறக்குமிடம் இதுதான். வெல்டிங் செய்யும்போது கம்பி சிறிது முறுக்கிக்கொண்டால் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அப்போது ஒரு ஜோடிக் கியர் எளிதில் விழும், மற்றது விழாது. நீளம் பிசகினால் முன்னே தள்ளும் கியர்கள் முழுமையாக விழும், பின்னே இழுப்பவை அரைகுறையாக நிற்கும். அரைகுறையாக விழுந்த கியர் ஓடும்போது தானே கழன்றுவிடும்.

தையல் வகுப்பில் துணியை வெட்டும் முன் கோடு போட்டுக்கொள்கிறோம் அல்லவா? இங்கும் அப்படியே. கம்பியை வெட்டுவதற்கு முன் அதன் நீளவாட்டில் ஒரு நேர்க்கோடு கீற வேண்டும். வெட்டிய பின் இரு துண்டுகளின் கோடுகளும் ஒன்றாய் வருமாறு வைத்து, முதலில் ஓரிரு புள்ளிகளில் மட்டும் ஒட்டவைக்க வேண்டும். காரில் பொருத்தி நான்கு கியர்களும் ரிவர்ஸும் விழுகின்றனவா என்று பார்த்த பிறகே, மறுபடி வெளியே எடுத்து முழு வெல்டிங் செய்ய வேண்டும். ஓர் எச்சரிக்கை: பீட்டிலில் பெட்ரோல் குழாயும் அதே சுரங்கத்தின் வழியாகத்தான் செல்கிறது. ஆதலால் கம்பி சுரங்கத்துக்குள் இருக்கும்போது ஒருபோதும் நெருப்பை அருகில் கொண்டுபோகலாகாது. வெல்டிங் வேலையைத் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே நன்று.

கடைசியாக, தண்டின் அடிப்பகுதியைச் சுரங்கத்தோடு பிணைக்கும் இரு போல்ட்டுகளைத் தளர்த்தினால் அதைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்த முடியும். எல்லாக் கியர்களும் முழுமையாக விழும் இடத்தைக் கண்டு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். பீட்டிலில் ரிவர்ஸ் போடத் தண்டைக் கீழே அமுக்கி, இடப்புறம் சாய்த்துப் பின்னே இழுக்க வேண்டும். அமுக்காமல் ரிவர்ஸ் விழக்கூடாது. அடியிலுள்ள தடுப்புத் தகடு அதற்காகவே இருக்கிறது. அத்தகடு சரியாகப் பொருந்தாத வண்டியை வெளியே எடுக்கலாகாது.

கிளட்சையும் மறக்கக் கூடாது. அதன் மிதியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். தளர்வு அளவுக்கு மீறினால் கிளட்ச் முழுமையாக விடாது. கியர் கரகரவென்று அரைக்கும். அதைப் பலர் கம்பியின் குறை என்று எண்ணி வீண் செலவு செய்கிறார்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு?

"கியர் சற்று ஆடினால் என்ன, பழகிவிடும்" என்று சொல்வோர் உண்டு. வேகமாகச் செல்லும்போது நான்காம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றுவதாக எண்ணி முதல் கியரில் போட்டுவிட்டால், எஞ்சின் தாங்க முடியாத வேகத்தில் சுழலும், பின்சக்கரங்கள் திடீரென்று பிடித்துக்கொள்ளும். இக்கார்கள் எடை குறைந்தவை, எஞ்சினோ பின்னால் உள்ளது. அந்நேரத்தில் வண்டி சுழன்றுவிடக் கூடும். மேலும் கியர் எங்கே என்று தேடும் கண் சாலையைப் பார்ப்பதில்லை. குறுக்கே ஓடி வரும் குழந்தைக்கு அந்த ஒரு நொடி எவ்வளவு பெரியது!

தோழியரே, இதையெல்லாம் செய்வதற்குப் பெரும் பலம் வேண்டியதில்லை. பொறுமையும், அளவுகோலும், பௌதிக வகுப்பில் கற்ற நெம்புகோல் தத்துவமும் போதும். "யந்திரங்கள் நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கிவிடாமல் அவற்றின் உள்ளே நடப்பதை அறிய முற்படுவோம். நாளை நாம் ஓட்டும் வண்டியில் நம் வீட்டார் அமர்ந்திருப்பார்கள்.

இரவு செபத்தின்போது செய்யும் ஆன்ம சோதனையில், அன்றைய நாளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, தவறியது எவ்விடம் என்று தேட நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். பொதுவாக "நான் சரியில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. எவ்விடத்தில் என்று காண்பதே கடினம், பயனுள்ளதும் அதுவே. ஆடும் கியருக்கும் மருந்து அதுதான். புதுத் தண்டை வாங்கி மேலே அழகு செய்வதற்கு முன், மூடியைத் திறந்து, விளக்கைப் பிடித்து, அசைவு தொலையும் இடத்தைக் கண்டுபிடிப்போம். அந்த ஒரு மில்லிமீட்டரை அங்கேயே திருத்துவோம்.