மேட் தாளில் கறுப்பு வெள்ளை முகம்

திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது ஜி. ஜி. வெல்லிங் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நரைத்த தாடிக்கும் கன்னத்து நிழலுக்கும் நடுவே எத்தனையோ சாம்பல் படிகள் அதில் உண்டு. அந்தப் படத்தையோ, அருப்புக்கோட்டை வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் தாத்தாவின் ஸ்டுடியோ படத்தையோ ஸ்கேன் செய்து மேட் தாளில் இங்க்ஜெட் பிரிண்ட் போட்டால், பெரும்பாலும் இரண்டு குறைகள் தலைகாட்டும். திரையில் தெரிந்த நிழல் நுணுக்கம் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். சாம்பலில் பச்சையோ ஊதாவோ ஏறியிருக்கும். இந்த மை இந்தத் தாளில் எப்படி விழும் என்பதைக் கணினிக்கு யாரும் சொல்லாததால் வரும் வினை இது. அதைச் சொல்லும் கோப்புதான் கலர் புரோஃபைல்.

மழை பெய்த கரிசல் கன்னங்கரேலென்று இருக்கும். காய்ந்தால் அதே மண் வெளிறிவிடும். காய்ந்த பரப்பு வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடிப்பதே காரணம். மேட் தாளும் அப்படித்தான். எங்கே நின்று பார்த்தாலும் சிதறிய வெளிச்சம் கொஞ்சம் கண்ணுக்கு வந்துவிடும். நல்ல மேட் தாளில் கறுப்பின் அடர்த்தி 1.6-ஐ ஒட்டி நிற்கிறது; பளபளப்புத் தாளில் 2.2-ஐத் தொடும். அதாவது, மேட் கறுப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் 2.5 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, பளபளப்புத் தாளோ 0.6 சதவீதத்தை மட்டும்.

நம் ஊர் முகங்களுக்கு இது பெரிய விஷயம். மாநிறமும் கறுப்புமான தோல், படத்தில் நடுச்சாம்பலுக்குக் கீழேதான் உட்காரும். மேட் தாள் நெருக்கிப் பிடிப்பதும் அதே பகுதியைத்தான். புரோஃபைல் இல்லாத பிரிண்டில் தாத்தாவின் கன்னமும் தாடையும் ஒன்றாகிவிடுவது இதனால்தான்.

புரோஃபைல் தயாரிக்க, நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்களை அந்தத் தாளில் அச்சடித்து, நன்றாகக் காயவிட்டு, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். 1993-ல் தொடங்கிய ஐசிசி அமைப்பு வகுத்த வடிவம் என்பதால் நிற மேலாண்மை உள்ள மென்பொருளெல்லாம் அதைப் படிக்கும். ஃபோட்டோஷாப்பில் அதைத் தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் டிரைவரின் நிறத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே படம் இரண்டு முறை திருத்தப்பட்டுக் கெடும். ‘பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன்’ என்ற கட்டத்தை டிக் செய்ய மறக்கக் கூடாது. படத்தின் அடிக் கறுப்பைத் தாளின் அடிக் கறுப்போடு பொருத்தி, மற்றப் படிகளையும் அந்த அளவுக்கு மேலேற்றுவது அதுதான். நிழல் அப்பாமல் பிரிந்து நிற்பது அதன் புண்ணியம்.

நிறச் சாயல் ஏறும் வழி வேறு. சாதாரண பிரிண்டர் சாம்பலைப் பெரும்பாலும் சயான், மஜென்டா, மஞ்சள் கலந்துதான் உண்டாக்குகிறது. ஒன்று கொஞ்சம் கூடினாலும் சாயல் ஏறும். டியூப்லைட்டில் சரியாக இருக்கும் சாம்பல் வாசல் வெயிலில் நிறம் மாறும். 2005-ல் எப்சன் மூன்று அடர்த்திகளில் கறுப்பு மை வைத்த கே3 மைகளைக் கொண்டுவந்தது இதைக் குறைக்கத்தான். ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் மென்பொருளும், எப்சனின் கறுப்பு வெள்ளை முறையும் சாம்பல் மைகளையே அதிகம் நம்புகின்றன. அத்தகைய பிரிண்டரை வாங்க முடியாதவர்களின் நாலு மை டேங்க் பிரிண்டருக்கு, அதன் மைக்கும் தாளுக்கும் என்றே அளந்த புரோஃபைல்தான் கதி. கம்பெனி புரோஃபைலை வெளி மைக்குப் போட்டால் பொருந்தாது.

வறண்ட ஊரில் இன்னொன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். சித்திரை வெயிலில் மை சீக்கிரம் காய்ந்து நாசில் அடைத்துக்கொள்ளும். ஒரு நாசில் வரிசை விட்டுப்போனாலும் நல்ல புரோஃபைலும் தவறான சாம்பலையே தரும். அதனால் முதலில் நாசில் செக். பிறகு வெள்ளையிலிருந்து கறுப்புவரை இருபத்தோரு படிகள் கொண்ட ஒரு பட்டையைப் படத்தோடு சேர்த்து அச்சடித்து, ஒரு நாள் காயவிட்டு, படம் மாட்டப்போகும் அறையின் வெளிச்சத்திலேயே கடைசி மூன்று படிகளும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.