சக்கரத்தின் மேல் ஒரு வீடு: வாங்குமுன் கூரையைப் பாருங்கள்

தன் வீட்டைத் தானே சுமந்து திரியும் பிராணி நத்தை என்று பாலர் வகுப்பிலே படித்திருக்கிறோம். மனிதனும் அக்கலையைக் கற்றுக்கொண்டான். அமெரிக்கா, கனடா முதலிய தேசங்களிலே கோடை பிறந்ததும், கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை யாவும் அமைந்த வண்டிகள் ஏரிக்கரைகளையும் காடுகளையும் நோக்கிப் புறப்பட்டுவிடும். அவற்றை அங்கே சுருக்கமாக ‘ஆர்.வி.’ என்பர். நாம் வீட்டு வண்டி என்று சொல்லுவோம். தானே ஓடும் வண்டியும் உண்டு; வேறொரு வாகனத்தின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் ட்ரெயிலரும் உண்டு. அமெரிக்காவிலே இவற்றுட் பெரும்பாலானவை இன்டியானா மாநிலத்து எல்கார்ட் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் செய்யப்படுகின்றன.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். கனடாவிலே மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ இல்லாத குடும்பங்கள் நம்மிடையே இன்று சிலவே. ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கும் என் தமக்கையின் மகன், சில வருடங்களுக்கு முன் பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கினார். மனைவி இராவேலை செய்து சேர்த்த பணமும் அதிற் கலந்திருந்தது. திரைச்சீலைகள் புதியவை, தரை பளபளத்தது, கதவைத் திறந்தால் எலுமிச்சை வாசனை. “மாமா, உள்ளே போனால் புதுவீடு போல இருக்கிறது” என்று எழுதினார்.

முதற் பிரயாணத்தின் இரண்டாம் இரவு மழை பெய்தது. நடுச்சாமத்திலே சின்னமகளின் தலையணை நனைந்துவிட்டது. விடிந்தபின், கட்டிலின் கீழேயிருந்த பலகையை மருமகன் விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே இறங்கியது. திருத்துவதற்குக் கேட்ட கூலி, வண்டியின் விலையில் அரைவாசிக்கு மேல்.

வீட்டு வண்டிக்கு முதற் சத்துரு தண்ணீர். கல்வீடு அசையாமல் நிற்கிறது. இதுவோ நெடுஞ்சாலையிலே மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் குலுங்கிக்கொண்டு ஓடுகிறது. கூரையின் மேல் பெரும்பாலும் றப்பர் விரிப்பும், அதன் கீழே மெல்லிய ஒட்டுப்பலகையும் இருக்கும். காற்றுத்துவாரம், மேற்சாளரம், ஓரப்பட்டி ஆகியவற்றைச் சுற்றிப் பூசிய பசையே நீரைத் தடுப்பது. வெயிலிலும் பனியிலும் அது வெடிக்கும். மயிரிழை போன்ற வெடிப்பொன்று போதும். நீர் சுவருக்குள் இறங்கி, மாதக்கணக்காக யார் கண்ணிலும் படாமல் மரத்தை உளுக்கச் செய்யும். பளபளக்கும் வெளித்தகடு அப்போதும் பளபளத்துக்கொண்டே இருக்கும். கறையான் தின்ற கதவைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆதலால், இப்படியான வண்டியைப் பார்க்கப் போகிறவர் ஏணி ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். கூரையைப் பார்த்து இறங்கியபின், வண்டியின் மூலையில் நின்று பக்கச்சுவரின் நீளத்துக்குக் கண்ணை ஓடவிட வேண்டும். சுவர் அலைபோலப் புடைத்திருந்தால், உள்ளேயுள்ள பலகை நீரிலே ஊறி வெளித்தகட்டை விட்டுப் பிரிந்துவிட்டது என்று கொள்ளலாம். உள்ளே நுழைந்ததும் வாயிற்படியருகிலும், மலகூடத்தைச் சுற்றியும் குதிகாலால் ஊன்றிப் பார்க்கவேண்டும். மேல் அலுமாரிகளின் மூலைகளைத் தடவி, மூக்கையும் சற்றுப் பயன்படுத்த வேண்டும். வாசனைத் தைலம் அதிகமாக மணக்கும் வண்டியை நான் நம்பமாட்டேன்.

“அரசாங்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதே” என்று மருமகன் அப்போது எண்ணினாராம். பலர் ஏமாறும் இடம் இதுவே. ஒன்ராறியோவிலே அச்சான்றிதழ், சக்கரம், பிறேக், விளக்கு போன்றவை வீதிக்கு உகந்தவையா என்று கூறுவது. கூரை ஒழுகுகிறதா, அடுப்புக்குச் செல்லும் குழாயிலே வாயு கசிகிறதா என்பது அதன் விஷயமன்று. வண்டிக்குச் சான்றிதழ் உண்டு, வீட்டுக்கு இல்லை.

வீட்டைப் பார்ப்பதற்கென்றே பயின்ற பரிசோதகர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலே இவர்களுக்கென ‘தேசிய பொழுதுபோக்கு வாகனப் பரிசோதகர் சங்கம்’ என ஒரு சங்கமும் உண்டு. நல்ல பரிசோதகர் ஒருவர் பெரிய வண்டி ஒன்றுக்கு ஒரு முழுநாளையே செலவிடுவார். ஈரமானியைச் சுவரோரமாக வைத்துக்கொண்டே போவார். வாயுக் குழாயில் அழுத்தமானியைப் பூட்டி, மூன்று நிமிடம் அழுத்தம் குறையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். வாயு கசிந்தால் ஒலியெழுப்பும் கருவியும் சில வருடங்களில் காலாவதியாகும். அதன் பின்புறத் திகதியையும் படிப்பார். முடிவிலே படங்களோடு ஓர் அறிக்கை தருவார். கூலி சில நூறு டொலரிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகலாம். அது அதிகம் என்று தோன்றும். தலையணை நனையும் வரைக்கும்.

அவரை வாங்குபவரே தெரிவு செய்யவேண்டும். விற்பவர் சிபார்சு செய்பவர் வேண்டாம். திருத்தும் வேலையையும் தாமே பெற விரும்புபவரும் வேண்டாம். தானே ஓடும் வண்டியாயின், இயந்திரத்தைப் பார்க்கத் தனியே ஒரு மெக்கானிக் தேவைப்படலாம். காணி வாங்கும்போது உறுதியை நாமே தெரிந்தெடுத்த நொத்தாரிசிடம் காட்டுகிறோம் அல்லவா?

குளிர்நாட்டிலே இன்னுமொரு தந்திரம் உண்டு. மாரியில் நீர் உறைந்து குழாய்களை வெடிக்கச் செய்யும் என்பதால், இலையுதிர்காலத்திலேயே நீரை வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவமொன்றைச் செலுத்தி வைப்பார்கள். அக்காலத்தில் விற்பவர், “தண்ணீர் திறந்து காட்ட முடியாது” என்பார். அவர் சொல்வது நியாயந்தான். ஆயினும் முந்திய மாரியில் அதைச் செய்ய மறந்தாரா என்பது, நீர் ஓடும்போதே வெளிப்படும். வசந்தம் வரை பொறுக்கலாம். அல்லது விலையில் ஒரு பகுதியை நீர் ஓடிக் காட்டும் வரை நிறுத்திவைப்பதாக எழுத்திலே ஒப்பந்தம் செய்யலாம்.

ட்ரெயிலரின் ரயர்கள் தேய்வதற்கு முன்னரே முதுமையால் கெட்டுவிடுவன. பக்கத்திலே ‘டொட்’ என்ற எழுத்துக்களோடு தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3518 என்றிருந்தால், 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளும் வாசிக்கக்கூடிய கணக்கு இது.

பத்திரங்களையும் மறக்கலாகாது. 2005இல் கத்ரீனா சூறாவளி வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களிற் பல, துடைக்கப்பட்டு வேறு மாநிலங்களிலே விலைப்பட்டன. வண்டியின் 17 எழுத்தெண் கொண்ட இலக்கத்தை வைத்து அதன் பூர்வீகத்தைத் தேடலாம். ஒன்ராறியோவிலே தானே ஓடும் வீட்டு வண்டியைத் தனிப்பட விற்பவர், முந்திய உரிமையாளர், கடன்பொறுப்பு முதலிய விபரங்களடங்கிய பொதியொன்றை வாங்குபவருக்குக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். மற்றவன் கடனை நாம் சுமப்பானேன்?

என் மருமகன் பழைய ட்ரெயிலரை நஷ்டத்துக்கே கொடுத்துவிட்டார். சென்ற வருடம் இன்னொன்றைப் பார்த்து, இம்முறை பரிசோதகரை அழைத்தார். ஈரமானி பின்மூலையில் உயர்ந்து நின்றது. விற்பவர், “அது பழைய கறை” என்றார். மருமகன் கூலியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். மனைவிக்குக் கோபம்; பிள்ளைகளுக்கு அழுகை. இரண்டு மாதத்தின் பின் பார்த்த மூன்றாவது வண்டியில், முதிய ரயர்களும் காலாவதியான வாயுக் கருவியுமே குற்றமாக வந்தன. அறிக்கையைக் காட்டி, அவற்றின் செலவை விலையிற் குறைத்து வாங்கினார்.

போன கிழமை படம் ஒன்று வந்தது. ஏரிக்கரையிலே வண்டி நிற்கிறது. மருமகன் பசைக்குழாயோடு கூரையின் மேல் குந்தியிருக்கிறார். கீழே என் தமக்கை, இறங்கிவரும்படி அவரைக் கைகாட்டி ஏசிக்கொண்டிருக்கிறார்.