கூம்பும் வால்வும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிற்றூர்களில் திருவிழா தொடங்கியதை ஊருக்கு முதலில் அறிவிப்பது, மரக்கிளையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியே. அக்கூம்பை ஒலிக்கச் செய்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 4, 8, 16 என்னும் எண்கள் காணப்படும். எந்தக் கூம்பை எந்த எண்ணில் இணைப்பது என்று அறிந்தவரே ‘ரேடியோ செட்’ கட்டும் தொழிலில் தேர்ந்தவர். அவ்வெண்கள் உணர்த்துவது யாது?

மின்னெதிர்ப்பும் மின்மாற்றியும்

மாறுமின்னோட்டத்திற்கு ஒரு சுற்று காட்டும் மொத்தத் தடுப்பே மின்னெதிர்ப்பு. அதன் அலகு ஓம். வால்வு உயர்ந்த மின்னழுத்தத்திலும் குறைந்த மின்னோட்டத்திலும் இயங்குவது. ஒலிபெருக்கியின் சுருளோ குறைந்த மின்னழுத்தத்திலும் மிகுந்த மின்னோட்டத்திலும் இயங்குவது. இயல்பில் மாறுபட்ட இவ்விரண்டையும் இணைக்கும் பாலமே வெளியீட்டு மின்மாற்றி. அதன் சுருள்களின் சுற்று விகிதம் 20:1 எனில், மின்னெதிர்ப்பு விகிதம் 20இன் இருமடியாகிய 400 ஆகும். எனவே, 16 ஓம் கூம்பை வால்வு 6,400 ஓமாக உணரும். அதே முனையில் 8 ஓம் கூம்பை இணைத்தால் 3,200 ஓமாகவே உணரும், ஒலி சிதையும், வால்வின் ஆயுளும் குறையும். ஆகவேதான் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனி முனை அமைத்தனர்.

கூம்புகளை இணைத்தல்

16 ஓம் கூம்புகள் இரண்டைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்தம் 8 ஓம். நான்கை இணைத்தால் 4 ஓம். 8 ஓம் கூம்புகள் இரண்டைத் தொடரிணைப்பில் இணைத்தால் 16 ஓம். கணக்கிட்டுப் பெற்ற எண்ணுக்குரிய முனையையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

தொலைவும் ஒரு சிக்கலே. 4 ஓம் கூம்புக்குச் செல்லும் நீண்ட கம்பியின் மின்தடை 2 ஓம் எனில், வெளிவரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு கம்பியிலேயே வெப்பமாக வீணாகும். ஊரின் மறுகோடிக்கு ஒலியைக் கொண்டுசெல்ல, 100 வோல்ட் முனையும் கூம்புதோறும் ஒரு சிறு மின்மாற்றியும் பயன்படுவது இதனால்தான்.

காக்க வேண்டிய நெறி

கம்பி கழன்று கூம்பின் இணைப்பு முற்றிலும் அற்றுப்போன நிலையில் ஒலியை உயர்த்தினால், மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் மின்னழுத்தம் பன்மடங்கு எழும். காப்பு உறை சிதைந்து சுருள் எரியும். டிரான்சிஸ்டர் கருவிக்குக் குறுக்குச்சுற்று பகை. வால்வுக் கருவிக்கோ வெறுமுனையே பெரும்பகை. அதனால்தான் தேர்ந்த தொழிலாளர், கருவியை நிறுத்திய பின்னரே கூம்பைக் கழற்றுவர். கூம்பை இணைத்த பின்னரே கருவியை இயக்குவர். இருமடி விகிதத்தை ஏட்டில் கல்லாத பலரும் இவ்வொழுங்கைக் கைப்பழக்கமாகவே காத்தனர். திருவிழா இரவு முழுவதும் ஊரின் குரல் ஓயாது ஒலித்தமைக்கு அவ்வொழுங்கே காரணம்.