குழி விழுந்த பந்து

"கிரிக்கெட்டில் மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் எகிறி வரும் பந்தையே அடித்து விரட்டுகிறார்கள். தரையில் அசையாமல் கிடக்கிற பந்தை அடிக்க வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும் என்கிறார்களே, அப்படி அதில் என்னதான் இருக்கிறது?" என்று கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: "கோல்ஃப் பந்து மட்டும் ஏன் குழி குழியாக இருக்கிறது?" இரண்டும் வேறு வேறு கேள்விகள் போலத் தெரிந்தாலும் பதில் ஓரிடத்தில்தான் போய்ச் சேர்கிறது. சில காலமாக நானும் இந்த ஆட்டத்தைக் கற்றுவருகிறேன். ஆகவே கடிதத்தைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

ஆட்டத்தின் விதிகளைத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். பந்துக்கு வருவோம். அதன் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. ஓரளவு நன்றாக ஆடப் பழகியவர் 'டிரைவர்' என்னும் நீண்ட மட்டையை வீசும்போது அதன் தலை மணிக்குச் சுமார் 150 கி.மீ. வேகத்தில் வந்து மோதும். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். பந்து எங்கே போக வேண்டும் என்பது அதற்குள் முடிவாகிவிடுகிறது. மட்டையின் முகம் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும், 200 மீட்டர் தாண்டி விழும் பந்து மூன்றரை மீட்டர் விலகியிருக்கும். இதுவும் நேர்கோட்டில் போனால்தான். வளைந்து போகும் பந்துக்கு இந்தக் கணக்கெல்லாம் போதாது.

வேகமாக வரும் பந்தை அடிப்பவருக்கு யோசிக்க நேரமில்லை. கண் பார்த்ததும் கை தானாகப் போகிறது. கிடக்கிற பந்து அப்படி நம்மை அழைப்பதில்லை. எப்போது அடிப்பது என்பதை நாமேதான் முடிவு செய்ய வேண்டும். அந்த அவகாசத்தில் மனம் புகுந்து தோளை இறுக்குகிறது, முழங்கையை மடக்குகிறது, தலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. கற்றுக்கொள்பவர்கள் படும் பாட்டில் பாதி இந்த அவகாசத்தால் வருவதுதான்.

மீதிப் பாதி, உடம்புக்கு நியாயமாகத் தோன்றுவதெல்லாம் இங்கே தவறாக இருப்பதால் வருகிறது. பந்து மேலே எழும்ப வேண்டுமென்றால் அதைக் கீழிருந்து தூக்கிவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படித் தூக்கப் போனால் உடல் எடை பின்னங்காலிலேயே தங்கிவிடும். மட்டை ஒன்று பந்துக்கு முன்பே மண்ணில் இடிக்கும், அல்லது பந்தின் உச்சந்தலையில் பட்டு அதைத் தரையோடு உருட்டிவிடும். உண்மையில் 'அயர்ன்' என்னும் இரும்பு மட்டையைக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். மட்டையின் முகமே சாய்வாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஏழாம் எண் அயர்னில் அந்தச் சாய்வு 30 டிகிரிக்குக் கூடக்குறைய இருக்கும். பந்தைத் தூக்குவது அந்தச் சாய்வின் வேலை.

எனக்குச் சொல்லித்தருபவர் இதை விளக்கிப் பேசவில்லை. பந்துக்கு ஒரு சாண் பின்னால், தன் தோளில் கிடந்த துண்டை மடித்துப் போட்டார். "துண்டுல படாம பந்தை எடுங்க சார். பந்துக்கு அந்தப் பக்கம் புல்லு பேரணும்" என்றார். அவ்வளவுதான் பாடம். துண்டில் படக் கூடாது என்ற ஒரே கவனத்தில் எடை தானாக முன்காலுக்குப் போகிறது. கடைசியில் ஒரு பந்து சரியாக மாட்டியது. கையில் அதிர்வே இல்லை. எதையும் அடித்த உணர்வே இல்லை. சுருக்கமாக ஒரு சத்தம், பந்து எழும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. பந்து கிடந்த இடத்துக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்குப் புல் பெயர்ந்திருந்தது. இதை ஒருமுறை அனுபவித்தவர் இந்த ஆட்டத்தை விடுவது கடினம்.

அப்படி எழும்பும் பந்து சும்மா பறப்பதில்லை, பின்னோக்கிச் சுழன்றபடி பறக்கிறது. இரும்பு மட்டையால் அடித்தால் நிமிடத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றுகள். இங்கேதான் குழிகள் வருகின்றன. இந்த ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த விஷயமும் அதுதான்.

பழைய ஸ்காட்லாந்தில் தோல் பைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்த பந்துகளால் ஆடினார்கள். விலையோ அதிகம், நனைந்தால் கனத்துப் பிய்ந்தும் போகும். 1848 வாக்கில் மலாய்க் காடுகளின் மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் செய்த பந்து வந்தது. (இந்தப் பாலுக்காக, முக்கியமாகக் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடுவதற்காக, அந்த மரங்களை வெட்டிக் காட்டையே காலி செய்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.) புதுப் பந்து வழவழவென்று அழகாக இருந்தது. ஆனால் சரியாகப் பறக்காமல் பாதி வழியிலேயே தலை குப்புற விழுந்தது. ஆடி ஆடி வெட்டும் தழும்பும் விழுந்த பழைய பந்துகளோ நேராகவும் தூரமாகவும் போயின. ஆட்டக்காரர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். பந்து செய்பவர்கள் புதுப் பந்தையே சுத்தியலால் கொத்தி விற்கத் தொடங்கினார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்த்ததை நம்பினார்கள், அவ்வளவே.

எடின்பரோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பீட்டர் கத்ரி டெய்ட், பின்னோக்கிய சுழற்சி பந்தை வானில் தாங்கிப் பிடிக்கிறது என்று 1890களில் காட்டினார். அவர் மகன் ஃப்ரெடி 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். லெஸ்டர் நகரில் லென்ஸ் செய்யும் தொழிலில் இருந்த வில்லியம் டெய்லர், இன்று நாம் பார்க்கும் வட்டக் குழிகளுக்கு 1905இல் காப்புரிமை கேட்டார். குழி ஏன் வேலை செய்கிறது என்பதற்கான திறவுகோல் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெர்மனியில் கிடைத்திருந்தது. ஒரு பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலத்தைப் பற்றி லுட்விக் பிராண்டல் 1904இல் விளக்கினார்.

எங்கள் ஊர்ச் செம்மண் சாலையில் டவுன் பஸ் போகும்போது, புழுதி பஸ்ஸின் பின்கண்ணாடியை ஒட்டிச் சுழன்றுகொண்டே கூட வரும். பஸ்ஸுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து கிடக்கிறது. அந்தக் குறைவுதான் புழுதியை உள்ளே இழுக்கிறது, பஸ்ஸையும் பின்னுக்கு இழுக்கிறது. வழவழப்பான பந்துக்குப் பின்னாலும் இதே கதை. காற்றுப் படலம் பந்தின் பாதி வரை வந்து, அதற்குமேல் ஒட்ட முடியாமல் பிரிந்துவிடுகிறது. பின்னால் அகலமான சுழல் உண்டாகிறது. குழிகள் அந்தப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் வெளியே வேகமாகப் போகும் காற்றிலிருந்து வேகத்தை வாங்கிக்கொண்டு, பந்தின் முதுகுப்புறம் வரை ஒட்டியே செல்கிறது. பின்சுழல் ஒடுங்குகிறது, காற்றுத் தடை ஏறக்குறையப் பாதியாகிறது. குழியே இல்லாத பந்தை அதே வேகத்தில் அடித்தால் சுமார் பாதித் தூரம்தான் போகும். ஒரு பந்தில் முந்நூறு முதல் ஐந்நூறு குழிகள் வரை இருக்கும். ஒவ்வொன்றின் ஆழமும் கால் மில்லிமீட்டர் அளவுதான். (1971இல் ஆலன் ஷெப்பர்ட் நிலவில் நின்று அடித்த பந்துகளில் குழி இருந்தும் பயனில்லை, அங்கே கலக்குவதற்குக் காற்றே கிடையாது.)

இதே குழிகள்தான் கற்றுக்கொள்பவரைப் படுத்துகின்றன. காற்று பந்தோடு நன்றாக ஒட்டுவதால் சுழற்சியின் விளைவு முழுதாக வெளிப்படுகிறது. சுழலும் அச்சு சமமாக இருந்தால் பந்து மேலெழும். கொஞ்சம் சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் வளையும். வலக்கைக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர். தொடக்கக்காரர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை உண்டு. பந்து வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கம் பார்த்து நின்று அடிப்பார்கள். அப்போது மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டும், வளைவு இன்னும் கூடும். செய்கிற வைத்தியமே நோயை வளர்க்கிறது.

இதற்கு ஒரு குறுக்குவழியும் கண்டுபிடித்தார்கள். 1970களில் அமெரிக்காவில் ஒரு இயற்பியலாளரும் ஒரு வேதியியலாளரும் சேர்ந்து, நடுப்பட்டையில் ஒருவிதமாகவும் இரு முனைகளில் வேறுவிதமாகவும் குழி போட்ட 'போலாரா' பந்தைச் செய்தார்கள். அது தன்னைத் தானே நேராக்கிக்கொண்டு பறந்தது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1981இல் பந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பறக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்து அதை ஆட்டத்திலிருந்து விலக்கியது. அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். பந்து வளையும்போதுதான் நம் கை என்ன செய்தது என்று தெரிகிறது. என் ஆசிரியர் பந்து போன திசையைப் பார்த்துவிட்டு, என் இடக்கையை மட்டைப் பிடியில் லேசாக உள்பக்கம் திருப்பி, மூன்று விரல் முட்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார். வளைவு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

அவர் சிறுவயதில் கேடியாக, அதாவது பிறர் மட்டைப் பையைத் தூக்கி நடப்பவராக கோல்ஃப் திடலுக்குள் வந்தவர். பிராண்டல் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பந்து எவ்வளவு விலகும் என்பதை நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். இந்திய கோல்ஃபின் உண்மையான படிப்பு இவரைப் போன்றவர்களிடம்தான் இருக்கிறது. இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 1991இல் வென்று, 1993இல் மறுபடியும் வென்றார். 2009இல் வென்ற பெங்களூரு முனியப்பாவும் கேடியாகத் தொடங்கியவரே. 2016, 2017 ஆண்டுகளில் வென்ற சௌரஸியாவின் தந்தை கொல்கத்தாவில் திடலைப் பராமரித்தவர். இத்தனைக்குப் பிறகும் பல கிளப்புகளில் கேடிகள் ஆடுவதற்கு வாரத்தில் ஒரு நாள்தான், அதுவும் உறுப்பினர்கள் வராத நாள். வெயிலில் நாள் முழுக்கப் பை தூக்கும் பையனுக்குப் பயிற்சித் திடலில் மாலையில் ஒரு கூடைப் பந்து கொடுப்பதால் எந்த கிளப்பும் ஏழையாகிவிடாது. அந்தப் பையன்களைப் பள்ளிக்கு அனுப்புவதும் கிளப்புகளின் கடமைதான்.

கோவில்பட்டி வாசகர் கற்க விரும்பினால்: முதல் நாளே டிரைவரைத் தொட வேண்டாம், ஏழாம் எண் அயர்னில் தொடங்குங்கள். பயிற்சித் திடல்களில் கொடுக்கும் பந்துகள் பெரும்பாலும் தேய்ந்து, குழிகளில் மண் அடைத்துக் கிடக்கும். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு அடியுங்கள். அப்போதும் புதுப் பந்து போகும் தூரத்துக்கு அவை போகாது. அந்தக் குறையை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.