மாட்டுக்குப் போட்ட ஊசி... பாறுக்கு வந்த வினை!

"ஏன் டாக்டர், முழங்கால் வலிக்கு நான்பாட்டுக்கு இந்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கறேன். உடனே கேட்குது. இதுல என்ன கெடுதல் வந்துடப் போகுது?"

வைத்தியசாலைக்கு வந்த பெரியவர் ஒருவர், பையிலிருந்து டைக்ளோஃபினாக் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டிக் கேட்டார். ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். "சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் ஐயா" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அதனால் ஒரு பறவையின் கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பாறு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பிணந்தின்னிக் கழுகுதான். என் சின்ன வயதில், செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் பொழுது சாய்வதற்குள் எலும்பும் தோலும்தான் மிஞ்சும். பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் அதைவிட நல்ல துப்புரவுப் பணியாளர் ஊருக்குக் கிடையாது. அடைப்பான் நோய்க் கிருமியைக்கூட ஜீரணித்துவிடும் கடுமையான அமிலம் அதன் வயிற்றில் உண்டு.

1990-களில் ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் பூங்காவில் இந்தப் பாறுகள் கழுத்து தொங்கிப்போய் கிளையில் உட்கார்ந்திருந்து, பொத்தென்று விழுந்து சாக ஆரம்பித்தன. அங்கே மட்டுமல்ல, நாடு முழுக்க இதே கதை. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் தப்பியது!

ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். 2004-ல்தான் குட்டு உடைந்தது. பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தால், சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. காரணம், பெரியவர் கையில் இருந்த அதே டைக்ளோஃபினாக்! மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் இந்த ஊசியைப் போடுவார்கள். விலை மலிவு, பலனும் உண்டு. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அதைப் பாறு தின்றால் பாறும் காலி. நூறு மாடு செத்தால் ஒன்றில்கூட இந்த மருந்து இருக்க வேண்டாம். அதற்கும் குறைவாக இருந்தாலே போதும். ஒரு பிணத்தைச் சுற்றிக் கூட்டமாகத் தின்னும் பறவை அல்லவா? வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். விட்ட இடத்தைப் பிடிப்பது லேசா?

பாறு போனால் நமக்கென்ன என்று கேட்கலாம். அது தின்ன வேண்டியதை தெருநாய்கள் தின்றன. நாய்கள் பெருகின. நாய்க்கடியும் வெறிநோய் அபாயமும் பெருகின. அழுகிய பிணங்கள் தண்ணீரையும் கெடுத்தன. 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிடுகிறது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2006-ல் கால்நடைக்கு இந்த மருந்தைத் தடை செய்தது. ஆனால் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்! மனிதர்களுக்கு விற்ற பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். ஆகவே 2015-ல் ஒரு குப்பியில் 3 மில்லிக்கு மேல் கூடாது என்று உத்தரவு வந்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு சரியே என்றது. 2023-ல் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவையும் கால்நடைக்குத் தடையாயின. அறிவியல் காரணத்தைக் கண்டுபிடித்தது, சட்டமும் வந்தது. ஆனால் மருந்துக்கடை வாசலில் நிற்கும் நாம் மாறாவிட்டால் இரண்டும் பாதி வழியில் நின்றுவிடும்.

சித்த வைத்தியன் ஆங்கில மருந்தைத் திட்டுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். பாதரசமும் கந்தகமும் எங்கள் மருந்துகளிலும் உண்டு. முறை தவறிச் செய்தால் அவையும் நஞ்சுதான். காட்டு மூலிகையை வேரோடு பிடுங்குகிறவர்களைத் தட்டிக் கேட்காத குற்றம் எங்களுக்கும் உண்டு. நோயாளி எழுந்து நடந்துவிட்டால் மருந்தின் கணக்கு முடிந்துவிட்டது என்று படிக்கிற காலத்தில் நினைத்தேன். பாறுதான் எனக்குப் பாடம் சொன்னது. மண்ணிலும் தண்ணீரிலும் மற்ற உயிர்களிலும் அந்தக் கணக்கு தொடர்கிறது.

வீட்டில் நாம் செய்யக் கூடியவை:

* வலி மாத்திரையை நாமாக வாங்கி நாள்கணக்கில் விழுங்கக் கூடாது. மனிதனுக்கும் பாறுக்கும் ஒரே கணக்கு இல்லைதான். ஆனாலும் வயதானவர்கள், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

* ஊரில் சொந்தக்காரர்கள் மாடு வளர்த்தால், பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் மருந்து பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். தடை செய்த வலி ஊசி போட்ட மாடு செத்தால் ஆழமாகப் புதைக்கட்டும்.

* நாய் கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். என் போன்ற வைத்தியரைத் தேடி வராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

நீலகிரி மலையடிவாரத்தில், மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன. நம் மாநிலத்தில் மிஞ்சிய சொத்து அது.

கதையைக் கேட்ட பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த அட்டையை என் மேஜை மேல் வைத்து, "நீங்களே பார்த்து ஒரு வழி சொல்லுங்க டாக்டர்" என்றார்.