டீசலில் தங்கும் தண்ணீர்

பாய்மரப் படகில் எஞ்சினுக்கு வேலை கொஞ்சம்தான். துறைமுகத்தை விட்டு வெளியே வர, திரும்ப உள்ளே நுழைய, காற்று அறவே விழுந்துவிட்டால் நகர. அந்தக் கொஞ்ச நேரத்தில் அது நிற்கவே கூடாது. பாயை இறக்கியாயிற்று, இருபுறமும் பாறை, முகத்துவாரத்தில் அலை புரள்கிறது. அப்போது டீசல் எஞ்சின் திணறி அணைந்தால், முதலில் பார்க்க வேண்டியது எரிபொருள் வடிகட்டியை.

அலையில் அணைவதற்குக் காரணம் உண்டு. தொட்டியின் அடியில் பல வருட வண்டல் படிந்திருக்கும். படகு நிதானமாகப் போகும்வரை அது கிடந்த இடத்தில் கிடக்கும். ஆட்டம் கண்டதும் கலங்கி, உறிஞ்சுகுழாய் வழியே வந்து வடிகட்டியை அடைத்துவிடும்.

வண்டல் சேர வழிசெய்வது பெரும்பாலும் தண்ணீர். பாதி காலியான தொட்டிக்குள் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து துளியாகிறது. மேல்தளத்து மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைநீரும் கடல்நீரும் இறங்கும். டீசலைவிடக் கனம் என்பதால் தண்ணீர் அடியில் தங்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் குடியேறும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை அவற்றில் பேர்போனது. டீசலைத் தின்று, தண்ணீரில் வாழ்ந்து, கறுத்த கொழகொழப்பான படலமாக வளரும். மருந்து ஊற்றினால் சாகும். ஆனால் செத்த படலமும் பெயர்ந்து வடிகட்டிக்கே வந்து சேரும். எனவே மருந்து ஊற்றிய கையோடு நெடும்பயணம் கிளம்புவது ஆபத்து.

பெரும்பாலான படகுகளில் வடிகட்டி இரண்டு. தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருப்பது முதலாவது. ரேக்கர் 500 என்ற வகையைப் பலரும் பொருத்துவார்கள். டீசல் அதற்குள் சுழன்று இறங்கும்போது நீர்த்துளிகள் பிரிந்து அடியிலுள்ள கண்ணாடி போன்ற கிண்ணத்தில் தேங்கும். பிறகு டீசல் மட்டும் தாள்மடிப்பு வழியே வெளியேறும். தாள் 30, 10, 2 மைக்ரான் அளவுகளில் கிடைக்கிறது; தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். முதல் வடிகட்டியிலேயே 2 மைக்ரான் தாளைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது சீக்கிரம் அடைபடும். எஞ்சின் மேலுள்ள இரண்டாவது வடிகட்டிக்கு வேலையே இராது. இவ்வளவு நுணுக்கமாக வடிகட்டுவதற்குக் காரணம், டீசலைச் சிலிண்டருக்குள் அழுத்திச் செலுத்தும் பம்ப். இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் அசையும் பாகங்களுக்கு இடையே சில மைக்ரான் இடைவெளிதான். அங்கே உயவு எண்ணெயும் டீசலேதான். தண்ணீர் புகுந்தால் உயவும் போகும், துருவும் பிடிக்கும்.

கிளம்புமுன் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனி அடுக்காகத் தெரியும். கறுப்புத் துகள் மிதந்தால் தாளை மாற்றுவது மட்டும் போதாது. தொட்டியைத் திறந்து கழுவ வேண்டும்.

தாளை மாற்றும்போது உள்ளே காற்று புகும். யன்மார் 2ஜிஎம்20 போன்ற எஞ்சின்களில் அதைக் கையால்தான் வெளியேற்ற வேண்டும். வடிகட்டியைச் சுத்தமான டீசலால் நிரப்பி மூடி, தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் சிறிய பம்பின் நெம்புகோலை அசைத்துக்கொண்டே இரண்டாவது வடிகட்டியின் திருகைத் தளர்த்த வேண்டும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்கிவிட்டு, இன்ஜெக்‌ஷன் பம்பின் திருகுக்குப் போக வேண்டும். நெம்புகோல் அசைந்தும் பிடிப்பில்லையென்றால் பம்ப் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம்: எஞ்சினுக்குள் அந்தப் பம்பை இயக்கும் கேம் உச்சியில் நின்றிருக்கும். எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும்.

எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்ற நேர்ந்தால், குளிர்விக்கும் கடல்நீர் வால்வை மூடிக்கொள்ளுங்கள். புகைபோக்கியில் நீர் நிரம்பி சிலிண்டருக்குள் ஏறினால் எஞ்சினே போய்விடும். பிடித்தவுடன் வால்வைத் திறக்க மறக்கக் கூடாது.

பிறகு கயிற்றை அவிழ்க்காமல், கியர் போட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. இணைப்பில் நுண்ணிய கசிவு இருந்தால் எஞ்சின் சில நிமிடம் நன்றாக ஓடும். உள்ளே புகும் காற்று சேர்ந்த பிறகே அணையும்.