நெஞ்செரிவுக்கும் இரத்தசோகைக்கும் தொடர்பு உண்டா?

"மலையேறினா மூச்சு வாங்குது, தலை சுத்துது, கூடையைத் தூக்க முடியல." இப்படிச் சொல்பவர்களிடம் நாம் முதலில் இரத்தசோகை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். மாதவிடாய், அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, சத்துக் குறைந்த சாப்பாடு, கொழுக்கிப்புழு ஆகியவையே பெரும்பாலும் காரணம். அதிகம் பேர் அறியாத இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் இரைப்பை மேலேறும் ஹேர்னியா.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசைத்திரை இருக்கிறது. அதிலுள்ள துவாரம் வழியாக உணவுக்குழாய் இறங்கி இரைப்பையோடு சேர்கிறது. வயது போகப்போகத் துவாரம் தளர்ந்தால் இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறிவிடும். பலருக்கு இது தெரியவே தெரியாது. சிலருக்குப் புளித்த ஏப்பமும் நெஞ்செரிவும் வரும். குனிந்தால், படுத்தால் கூடும்.

இரத்தம் எப்படிக் குறைகிறது?

ஹேர்னியா பெரிதாக இருந்தால், மூச்சு விடும்போதெல்லாம் இரைப்பை அந்தத் துவாரத்தின் விளிம்பில் உராய்ந்து, உட்சுவரில் கீறல் போன்ற புண்கள் உண்டாகலாம். 1986இல் இவற்றை விவரித்த வைத்தியரின் பெயரால் 'கெமரன் புண்கள்' என்பார்கள். கசியும் இரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் மலத்தோடு போய்விடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்குமா? நெஞ்செரிவு இல்லாதவருக்கும் இப்படி நடக்கலாம்.

யார் கவனிக்க வேண்டும்?

இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காக எடுத்தும் இரத்தம் ஏறாதவர்கள், இரத்தசோகை உள்ள ஆண்கள், மாதவிடாய் நின்ற பெண்கள். "வயசாயிருச்சு, அதான் சோர்வு" என்று விட்டுவிடாதீர்கள். இரைப்பைப் புண்ணோ புற்றுநோயோகூட காரணமாக இருக்கலாம். தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி, பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு வாங்குங்கள். அங்கே கமரா பொருத்திய குழாயால் உள்ளே பார்ப்பார்கள். ஹேர்னியாதான் என்றால் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் இரும்புச்சத்தும் கொடுப்பார்கள். சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும்.

நாம் செய்யக்கூடியவை

• சாப்பிட்டவுடன் படுக்க வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும்.

• ரொட்டியோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள்.

• கீரை, பருப்பு, நெத்தலி சாப்பிடுங்கள். தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது.

• உடம்பு வலிக்கு அஸ்பிரின், டைக்குளோபெனாக் போன்றவற்றைக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். அவை இரைப்பையைப் புண்ணாக்கும்.

இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும். ஆனால் தார் போல ஒட்டும்படி, கெட்ட நாற்றத்தோடு போனாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ ஒரு நாள் பேரைப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.